ஐஸ் பெட்டிச் சுருதியில் தங்கை பாடியது

திராட்சைப் பந்தலுக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் என் தங்கை ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துக் கட்டி, அதற்கு மேல் என்னுடைய கறுப்பு ஹெட்ஃபோனை மாட்டியிருந்தாள். மடியில் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை. கையில் சின்னக் கத்தரிக்கோல். வெடித்த பழம், அழுகிய பழம், பிஞ்சு என்று ஒவ்வொன்றாக நறுக்கிக் கீழே தள்ளிக்கொண்டே பாட்டுக் கேட்டாள்.

நான் எதிரே இன்னொரு கிரேட்டில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நறுக்கிக்கொண்டிருந்தவரை எனக்கு உயிர் இருந்தது.

அவள் கேட்டது என்னுடைய ஐந்தாவது இசைத்தட்டின் நான்காவது பாட்டு. அதில் பாடியிருப்பவள் அவளேதான். ஆனால் அவள் அதைப் பாட்டு என்று நினைத்துப் பாடவில்லை. எங்கள் அம்மா இறந்த மறுநாள் காலையில், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுத ஒப்பாரி அது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து, சுற்றிலும் வைப்ரஃபோன் வாசித்து, ஜாஸ் இசைத்தட்டு ஒன்றின் நடுவில் வைத்துவிட்டேன். வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அனுமதி கேட்க ஊருக்கு வந்திருந்தேன். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டு கிடையாது. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தட்டே வேண்டியிருக்கவில்லை.

போதாக்குறைக்கு, அந்த ஒப்பாரியில் நான்கு வரிகளை வெட்டியிருந்தேன். அது அவள் காதில் படக்கூடாது என்று கோம்பை ஊரைத் தாண்டி வரும்போதே மாதாவை வேண்டிக்கொண்டு வந்தேன். எந்த வரிகள், ஏன் வெட்டினேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பாடுறவக லீவா?

நான் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வைப்ரஃபோன் என்றால் என்ன என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்று சொல்லிவிடுகிறேன்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை. அதன் மேல் பியானோக் கட்டைகள் இருக்கும் வரிசையில் அலுமினியப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். நூல் சுற்றிய குச்சியால் பட்டையைத் தட்டினால் ஒலி குழாய்க்குள் இறங்கி, நிறைந்து, வெளியே வரும். காலடியில் ஒரு மிதி உண்டு. மிதித்திருக்கும்வரை ஒலி நீளும். காலை எடுத்தால் அந்த நொடியே அடங்கிவிடும். சிறிய மோட்டார் ஒன்றும் இருக்கிறது, அதைப் போட்டால் ஒலி லேசாக நடுங்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு முறை குமுளிப் பக்கம் ஒரு விடுதியில் கச்சேரி. வைப்ரஃபோனைப் பிரித்துக் கட்டி, கம்பத்தில் ஒரு ஜீப்பின் தலையில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடிக் காவலர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கட்டிலாணோ?" என்றார். இல்லை, வாத்தியம் என்றேன். அவர் நம்பவில்லை. நடு ரோட்டில் நான்கு பட்டைகளைத் தட்டிக் காட்டிய பிறகுதான் வண்டியை விட்டார். பின்னால் நின்ற ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து பெண்கள் கை தட்டினார்கள். அன்றைய கச்சேரியில் எனக்குக் கிடைத்த நல்ல கைதட்டல் அதுதான்.

நான் இந்த வாத்தியத்துக்கு வந்து சேர்ந்தது பள்ளிக்கூட பேண்டு வழியாக. எங்கள் மிஷன் பள்ளியில் பெல் லைரா என்று உலோகப் பட்டைகள் கோத்த வாத்தியம் ஒன்று இருந்தது. இடுப்பு வாரில் சொருகி, நிமிர்த்திப் பிடித்து, நடந்துகொண்டே தட்ட வேண்டும். நற்கருணைப் பவனியில் அதைத் தட்டிக்கொண்டு முன்னால் போனவன் பிறகு சென்னைக்குப் போய், சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் அரை நிமிடம் ஒரு நிமிடம் என்று வாசித்து, அங்கே ஒரு பழைய கோவாக்காரரிடம் ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போனான். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன்.

நான்கு இசைத்தட்டுகள் போட்டேன். நான்கிலும் குரல் கிடையாது. எங்கள் ஊரில் அதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. தங்கையின் கணவர் சவரிமுத்து, நல்ல மனிதர், முதல் தட்டை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

"மச்சான், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதுதான் பாட்டு மாப்ள."

"அப்ப பாடுறவக லீவா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டு வரும்போதும் அதே கேள்வி. "இந்த வாட்டியாச்சும் வந்தாகளா?" என்று கேட்பார். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

அம்மா கேலி செய்யவில்லை. நாங்கள் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் கைபேசியில் போட்டுக் கொடுத்ததைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாராச்சும் கூடச் சேந்து பாடுனா ஒனக்குந் தொணையா இருக்கும்ல?" என்றாள்.

நான் தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஐந்தாவது தட்டில் குரல் சேர்க்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். சென்னையில் இரண்டு பாடகிகளைப் பேசி வைத்தேன். ஒத்திகையும் ஆரம்பித்தோம். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

கைபேசியில் வந்த அழுகை

அம்மா இறந்தது ஒரு நாள் காலையில். நான் அப்போது மும்பையில் இருந்தேன். ஊர் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். அன்று மாலை அடக்கம். "இன்னைக்கு டிக்கெட் கெடைக்கல மாப்ள, நாளைக்குக் காலையில மொத பிளைட்டு" என்று சவரிமுத்துவிடம் சொல்லியிருந்தேன்.

அவர் பாவம், மச்சான் தூரத்தில் தவிக்கிறாரே என்று, தன் கைபேசியை அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, காலையில் நடந்ததையெல்லாம் பதிவு செய்து எனக்கு அனுப்பிவிட்டார். இந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் இது வழக்கமாகிவிட்டது. ஒரு மகன் துபாயில் இருப்பான், ஒரு மகள் இத்தாலியில் கன்னியாஸ்திரியாக இருப்பாள். யாராவது ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதை நான் கேட்டது மதுரையிலிருந்து ஊருக்கு வந்த காரில். ஆரோக்கியத்தின் குரல். வீட்டில், கோயிலில், பாடற்குழுவில் எத்தனையோ முறை கேட்ட குரல்தான். ஆனால் இப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அழுதேன். அதற்குப் பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுருதி பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐஸ் பெட்டி ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அந்த ரீங்காரத்தையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு, தனக்கே தெரியாமல், அதில் துளி பிசகாமல் அவள் பாடியிருந்தாள். அந்தச் சுருதி என் வைப்ரஃபோனில் இல்லை. இரண்டு பட்டைகளுக்கு நடுவே எங்கோ நின்றது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் குரலை என் பட்டைக்கு இறக்கிவிடலாம். பிறகு ஒரு நாள் அழுத்தியும் பார்த்தேன். வேறு யாரோ ஒருத்தி வேறு யாருக்கோ அழுவது போலிருந்தது. உடனே பழையபடி மாற்றிவிட்டேன்.

அதனால் அவள் பாடும்போது நான் வாசிக்கவில்லை. அவள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் தட்டினேன். அப்படியே ஏழு மாதம் அந்த ஒரு பாட்டோடு இருந்தேன். சென்னைப் பாடகிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கலாமே என்று ஒலிப்பதிவு நண்பர் கேட்டார். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. இறந்த ஆள் கிடக்காத வீட்டில் ஒப்பாரிக்கு வாயெடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்த சாவைக் கூப்பிட்டதாகிவிடும். பங்குச் சாமியார் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் இந்த ஒன்றை எங்கள் பெண்கள் விட்டுக்கொடுத்ததில்லை. ஆகவே உலகத்தில் இருப்பது அந்த ஒரே பதிவுதான்.

வந்தவர், வராதவர்

ஒப்பாரியில் எங்கள் ஊருக்கு இன்னொரு முறையும் உண்டு. யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று இறந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். கண்ணை மூடிக் கிடப்பவருக்கு வாசலில் நிற்கிறவர்கள் தெரியாது அல்லவா. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து மாமா வந்துவிட்டார், பெரிய மருமகள் பூமாலை கொண்டுவந்திருக்கிறாள் என்று ராகத்தோடு வரும். கோயில் உபதேசியார் வந்து செபமாலையைத் தொடங்குவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

அங்கே பொய் சொல்ல மாட்டார்கள். சொன்ன சொல் இறந்தவரோடு குழிக்குள் போகிறது என்று நம்புகிறார்கள். மாமியாரோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட மருமகள்கூட, "நாம போட்ட சண்டை இந்த நாடறியும்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆரோக்கியமும் எல்லாரையும் சொன்னாள். கடைசியாக என்னைச் சொன்னாள்:

*வந்தாக எல்லாரும் வாசல் நெறஞ்சிருக்கு*
*வரத்தான் தவிக்கிறான் மூத்தமகன் ஏ ஆத்தா*
*டிக்கெட்டு கெடைக்கலையாம் தெக்க பாத்து நிக்கானாம்*
*கோவிச்சு மொகந்திருப்பிக் குழிக்குள்ள போயிராதே*

நான் வெட்டியது இந்த நான்கு வரிகளைத்தான். வெட்டிய இடத்தில் பள்ளம் தெரியாமலிருக்க, மிதியை அமுக்கிப் பிடித்து நீளமாக ஒரு வாசிப்பு வாசித்தேன். கேட்ட இசைக்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கத்தரிக்கோல் நின்றது

பந்தலுக்குக் கீழே கத்தரிக்கோல் நின்றது.

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டுவாள் என்றும் நினைத்து, அதற்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, இந்த எடத்துல நீ மட்டும் தட்டிக்கிட்டே போறியே. நா எங்கன போனேன்?"

"எந்த எடத்துல?"

"தேவாரத்து மாமா வந்தாகன்னு சொல்லி முடிச்சதும். அதுக்கடுத்து ஒன்னையல்ல சொன்னேன். அதக் காணோமே."

"பாட்டு நீளமா இருந்துச்சுத்தா. கொஞ்சம் கொறைச்சேன்."

"மாமாவக் கொறைச்சிருக்கலாம்ல. அவுக வருத்தப்பட மாட்டாக." கத்தரிக்கோலின் முனையால் நகத்திலிருந்த மண்ணை எடுத்தாள். "ஒனக்காகத்தான் அன்னைக்கு ரொம்பக் கெஞ்சுனேன். ஊரே அங்கன ஒரு மாதிரிப் பேசிக்கிட்டு இருந்துச்சு, மூத்தவன் இன்னும் வரலையேன்னு. ஆத்தா அதக் கேட்டுக்கிட்டே போயிறக் கூடாதுன்னுதான் நாலு வரி சொன்னேன். அத எதுக்குண்ணே வெட்டுன?"

சவரிமுத்து அந்தப் பக்கம் நிரம்பிய கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாது. வேறு ஏதாவது சொல்லி அந்த நிமிடத்தைக் கடந்திருக்கலாம். சுருதி சேரவில்லை என்றால் நம்பிவிடுவாள். நான் சொல்லும் எதையும் நம்பக்கூடியவள் அவள். அதனாலேயே என்னால் இன்னொன்று சொல்ல முடியவில்லை.

"டிக்கெட் இருந்துச்சு ஆரோக்கியம்."

அவளுக்குப் புரியவில்லை.

முழுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை போன் செய்தபோது மணி பத்து. மதியம் மதுரைக்கு விமானம் இருந்தது. கைபேசித் திரையில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். அன்று மாலை மும்பையில் கச்சேரி. யாரோடு ஒரு மேடையில் நின்றுவிட மாட்டோமா என்று இருபது வருடம் ஏங்கினேனோ அவர்களோடு. அம்மா போய்விட்டாள், இனி ஓடிப் போய் என்ன செய்யப் போகிறேன், அடக்கம் நாளைக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையை மூடினேன். மாலையில் வாசித்தேன். நன்றாக வாசித்தேன். அம்மா இறந்த செய்தியை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆரோக்கியத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைப் பார்த்தேன். எனக்கு அம்மா செத்தபோது வராத பயம் அப்போது வந்தது.

"நா பொய்யா சொன்னேன்?" என்றாள்.

"நீ சொல்லல. நாந்தான்..."

"ஆத்தா தலமாட்டுல ஒக்காந்து, ஆத்தா மொகத்தப் பாத்து, நா பொய்யா சொன்னேன்?"

ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினாள். கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் மறுபடி ஓட ஆரம்பித்தது. இந்த முறை நல்ல பழங்களும் கீழே விழுந்தன.

"வியாபாரி வந்துருவாக. இன்னும் அஞ்சாறு பொட்டி கெடக்கு. நீ ஒம் மாப்ளையோட போயிச் சாப்புடு" என்றாள். அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

போன் வந்தது

சென்னைக்குத் திரும்பி, தட்டை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். ஒலிப்பதிவு நண்பர் காரணம் கேட்டார். தங்கை சம்மதிக்கவில்லை என்றேன். வேறு பாடகியை வைத்து அந்த மெட்டைப் பாட வைக்கலாமே என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அவருக்கு உரியதில்லை.

தினமும் ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன். சவரிமுத்துதான் எடுப்பார். "தோட்டத்துல இருக்கா மச்சான்", "கோயிலுக்குப் போயிருக்கா மச்சான்". அவருக்கு விஷயம் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அவள் கணவனிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த நாலு வரியத் திருப்பி வையி."

"அது பொய்யின்னு தெரிஞ்ச பெறகுமா?"

"எனக்கு அன்னைக்குத் தெரியாதுல்ல. நா மெய்யின்னு நெனச்சுத்தான் சொன்னேன். நா மெய்யின்னு நெனச்சுச் சொன்னத வெட்ட நீ யாரு? வச்சுட்டு, கல்லறைத் திருநாளுக்கு இங்கன வா. பாட்ட வெளிய விடுறதா வேணாமான்னு அப்பச் சொல்றேன்."

அன்றே திருப்பி வைத்தேன். அந்த நான்கு வரிகள் உள்ளே வந்ததும் என் வாசிப்புக்கு இடமில்லாமல் போயிற்று. எல்லாரும் புகழ்ந்த அந்த இடத்தை அழித்தேன். மனது வலித்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் முழுப் பாட்டையும் ஓடவிட்டுக் கேட்டபோது, அது இப்போதுதான் முழுதாக இருக்கிறது என்று என் காதுக்கே தெரிந்தது.

கல்லறைத் திருநாள்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் மலையைப் பார்த்து இருக்கிறது. அன்று மதியம்வரை தூறல். பிறகு வெறித்தது. ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. சிலுவைகளுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். செவ்வந்தி மாலையும் ஈர மண்ணும் மெழுகும் கலந்த வாசனை. காற்றில் அணையாமலிருக்க, தண்ணீர் பாட்டில்களை அடியில் வெட்டி மெழுகுவர்த்திகளுக்கு மேல் கவிழ்த்திருந்தார்கள். சாமியார் மேற்கு வரிசையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கள் வரிசைக்கு வர இன்னும் நேரமிருந்தது.

அம்மாவின் கல்லறையில் ஆரோக்கியம் மண்டியிட்டிருந்தாள். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். சவரிமுத்து பின்னால் குடையோடு நின்றார்.

அவள் பாடுவாள் என்று நினைத்தேன். அன்று சொன்னதை மாற்றி, ராகத்தோடு அம்மாவிடம் சொல்லிவிடுவாள் என்றும், நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றும் நினைத்தேன்.

"நா பாட மாட்டேன்" என்றாள், நான் நினைத்தது கேட்டுவிட்ட மாதிரி. "நீ சொல்லு."

"நா என்ன..."

"என்ன நடந்துச்சோ அத."

நான் நான்கு தட்டிலும் வாய் திறக்காதவன். ஐந்தாவதில் குரல் வேண்டியிருந்தபோதும் தங்கையின் குரலை எடுத்துக்கொண்டவன். குனிந்து, சிலுவையிடம் முணுமுணுத்தேன்.

"மெதுவாச் சொல்லாதண்ணே" என்றாள். "அன்னைக்கு நா ஊரு கேக்கத்தான் சொன்னேன்."

பக்கத்துக் கல்லறையில் தேவாரத்து மாமா குடும்பத்தோடு நின்றார். அதற்கு அடுத்ததில் உபதேசியாரின் வீட்டுக்காரர்கள். என்னோடு பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடித்தவன் இரண்டு வரிசை தள்ளி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆரோக்கியம் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் பெயர் எழுதிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா" என்றேன். "டிக்கெட் இருந்துச்சு ஆத்தா. தங்கச்சிக்குத் தெரியாது. நாந்தான் வரல. அன்னைக்கு மும்பையில கச்சேரி இருந்துச்சு. தட்டப் போயிட்டேன்."

சுற்றிலும் பேச்சு நின்றது. மாமா திரும்பிப் பார்த்தார். பின்னால் சவரிமுத்துவின் கையில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. சாமியாரின் செபம் மட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. முழங்காலில் ஈரம் ஏறியது நினைவிருக்கிறது.

ஆரோக்கியம் முந்தானையால் கல்லின் மேலிருந்த தண்ணீரைத் துடைத்தாள். என் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கி, ஏற்றி, அம்மாவின் தலைமாட்டில் நட்டாள்.

"இப்ப வெளிய விடுண்ணே அந்தப் பாட்ட" என்றாள். "ஆத்தாவுக்குத் தெரிஞ்சு போச்சு."